நகர்ந்து வரும் தை

சுவாமி விவேகானந்தர் பிறந்தது 1863ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி. அன்று மகர சங்கராந்தி என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. சூரியன் மகர ராசிக்குள் நுழையும் அந்த நாளைத்தான் தமிழர் தைப்பொங்கலாகக் கொண்டாடுகிறார்கள். இன்று அது ஜனவரி 14இல் வருகிறது; 2024இல் வந்ததுபோல, சில ஆண்டுகளில் 15ஆம் தேதிக்கும் தள்ளிப்போகிறது. நூற்றறுபது ஆண்டுகளுக்குள் இரண்டு மூன்று நாள் வேறுபாடு எப்படி வந்தது?

ஆங்கில நாட்காட்டி பருவங்களோடு ஒட்டி ஓடும்படி அமைக்கப்பட்டது. அதில் மார்ச் 20, 21 வாக்கில் பகலும் இரவும் சமமாகும். டிசம்பர் 21, 22 வாக்கில் சூரியன் தென்கோடியைத் தொட்டு வடக்கே திரும்பும். அந்தத் தேதிகள் அசைவதில்லை. அசைவது தை மாதம். அதோடு சித்திரை, ஆடி, ஐப்பசி என்று பன்னிரண்டு மாதங்களும் மெல்ல மெல்லப் பின்தள்ளிப் போகின்றன. தமிழகத்தில் பஞ்சாங்கம் கணித்தவர்களின் வரலாறு, பெரும்பகுதி இந்த நகர்வோடு பின்னிக் கிடக்கிறது.

பூமியின் அச்சு, அது சூரியனைச் சுற்றும் பாதைக்கு நேர்க்குத்தாக நிற்காமல் 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. ஆண்டு முழுவதும் அந்தச் சாய்வு விண்வெளியில் ஏறக்குறைய ஒரே திசையை நோக்கியே இருப்பதால், ஆறு மாதம் வடபாதிக்கும் ஆறு மாதம் தென்பாதிக்கும் வெயில் கூடுதலாக விழுகிறது. சென்னையில் ஜூன் மாதக் கடைசியில் பகல் சுமார் 12 மணி 50 நிமிடம் நீள்கிறது. டிசம்பர் கடைசியில் 11 மணி 20 நிமிடத்துக்குச் சுருங்குகிறது. சூரியனுக்கு அருகில் போவதால் கோடை வருவதில்லை. பூமி சூரியனுக்கு மிக அருகில், அதாவது சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பது ஜனவரி 3, 4 வாக்கில். மார்கழிக் குளிரில் கோலம் போடும் நாட்கள் அவை. மிகத் தொலைவில், 15.2 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில்.

சாய்ந்த அச்சு அசையாமல் நின்றுவிடவும் இல்லை. வேகம் குறைந்த பம்பரத்தின் தலை வட்டமிடுவதுபோல அதுவும் வட்டமிடுகிறது. ஒரு வட்டம் முடிய ஏறக்குறைய 25,800 ஆண்டுகள் ஆகும். இதனால் பகலிரவு சமமாகும் நாளில் சூரியன் நிற்கும் இடம், விண்மீன்களின் பின்னணியில் 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் மேற்கே நழுவுகிறது. ஆகவே ‘ஓர் ஆண்டு’ என்பதற்கு இரண்டு அளவுகள் வந்துவிட்டன. ஒரு பருவத்திலிருந்து அதே பருவம் திரும்ப 365 நாள் 5 மணி 48 நிமிடம் 45 நொடி. ஒரு விண்மீனிலிருந்து அதே விண்மீனுக்குச் சூரியன் திரும்ப 365 நாள் 6 மணி 9 நிமிடம் 10 நொடி. வித்தியாசம் இருபது நிமிடம்தான். பஞ்சாங்கம் விண்மீன் வழியைப் பின்பற்றியது. நாற்று நடவும் மழையும் சூரியன் வழியைப் பின்பற்றின. ஆயிரம் ஆண்டு, ஆயிரத்தைந்நூறு ஆண்டு என்று கூடும்போது இருபது நிமிடம் மூன்று வாரமாகிவிடுகிறது.

தமிழரின் பழைய நூல்களில் இரண்டு வழிகளும் தெரிகின்றன. தொல்காப்பியம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரிக்கிறது: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். மழையும் பனியும் வெயிலுமே அங்கே அளவுகோல். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையோ இரண்டையும் பேசுகிறது. பாண்டியனின் அரண்மனைக் கட்டிலின் மேல்விதானத்தில் மேடம் முதலாகச் சூரியன் சுற்றிவரும் வீதியும், நிலவோடு உரோகிணியும் தீட்டப்பட்டிருந்ததை அது விவரிக்கிறது. அதே அரண்மனைக்கு மனை வகுத்தபோது நூல்வல்லார் கோல்களை நட்டு, உச்சிவேளையில் நிழல் எந்தப் பக்கமும் சாயாத ஒரு நாளைத் தேர்ந்து திசை குறித்ததையும் சொல்கிறது.

கடகக் கோட்டுக்குத் தெற்கே, தமிழ்நாடு முழுவதும், ஆண்டுக்கு இரண்டு நாள் சூரியன் சரியாகத் தலைக்குமேல் வரும். அன்று நண்பகலில் நட்ட கோலுக்கு நிழல் இராது. சென்னையில் அது ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். மதுரையில் முதல் நாள் ஏப்ரல் 16 வாக்கில் வரும்; தமிழ்த் தேதிப்படி சித்திரை 3. ஆனால் நெடுநல்வாடைக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், மனை வகுத்த அந்த நாளைச் சித்திரைத் திங்களின் நடுவில் வைக்கிறார். உரைகாரரின் குறிப்பை ஒருவர் இன்றைய நாட்காட்டியோடு ஒப்பிட்டால் அவர் தவறியதாகத் தோன்றும். அவர் வாழ்ந்ததாகக் கருதப்படும் 14ஆம் நூற்றாண்டுக்குக் கணக்கைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால், மதுரையில் நிழல் மறையும் நாள் சித்திரை 13 வாக்கில் விழுகிறது. உரைகாரரின் ‘நடுவு’ சரியாகவே இருந்தது. நிழல் தன் நாளை மாற்றவில்லை. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் சித்திரைதான் பத்து நாள் தள்ளி வந்திருக்கிறது.

பஞ்சாங்கத்துக்கு அடித்தளமான சித்தாந்த நூல்கள் உருவான காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. கலி 3600, அதாவது கி.பி. 499 வாக்கில், சூரியன் மேட ராசிக்குள் நுழையும் நாளும் பகலிரவு சமமாகும் நாளும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. ஆரியபட்டர் தம் நூலில் குறிப்பிடும் ஆண்டு அதுவே. அவர் வகுத்த ஆண்டின் நீளம் 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை. மணிக்கணக்கில் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 நொடி. உண்மையான விண்மீன் ஆண்டைவிட 3 நிமிடம் 20 நொடிதான் அதிகம். தொலைநோக்கியும் கடிகாரமும் இல்லாத காலத்தில், தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பார்த்துச் சேர்த்த அறிவின் அளவு அது. தமிழ்நாட்டின் வாக்கியப் பஞ்சாங்கம் இன்றுவரை அந்த ஆண்டையே கைக்கொள்கிறது. பருவ ஆண்டோடு ஒப்பிட்டால் அது ஆண்டுக்கு 23 நிமிடம் 45 நொடி நீளம். அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் பின்தங்கும்.

இராசராச சோழன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்த 1010 வாக்கில், சித்திரை முதல் நாள் சமநாளுக்கு எட்டொன்பது நாள் கழித்து வந்தது. இன்று 25 நாள் கழித்து வருகிறது. கணிதர்கள் இதை அறியாமல் இல்லை. சமநாள் நழுவுவதை அயனம் என்றும், நழுவிய அளவை அயனாம்சம் என்றும் பெயரிட்டு, சூரிய சித்தாந்தம் ஆண்டுக்கு 54 விகலை என்று கணக்குச் சொன்னது. இன்றைய அளவு 50.3 விகலை. பகல் நீளத்தையும் லக்னத்தையும் கணிக்கும்போது அயனாம்சத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். மாதப் பிறப்பைக் கணிக்கும்போது மட்டும் சேர்க்கவில்லை. மாதம் விண்மீனுக்கு உரியது என்று முடிவு செய்திருந்தார்கள்.

அந்த மாதங்களுக்குள் வேறொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. தமிழ் மாதங்கள் ஒரே நீளமுடையவை அல்ல. ஆனிக்குப் பல ஆண்டுகளில் 32 நாள். மார்கழிக்கு 29 நாள். பூமி சூரியனுக்கு அருகில் இருக்கும்போது விரைந்தும் தொலைவில் இருக்கும்போது மெதுவாகவும் ஓடுகிறது என்ற உண்மை, அதன் நீள்வட்டப் பாதையை 1609இல் கெப்ளர் விளக்கும் முன்பே, இந்த எண்ணிக்கையில் பதிவாகிவிட்டது. சூரியன்தான் சுற்றுகிறது என்று கொண்டாலும், அதன் நடை ஆனியில் தளர்ந்து மார்கழியில் முடுகுவதை அளந்து, ‘மந்த பலம்’ என்ற திருத்தத்தால் மாதத்தின் நாழிகையைக் கூட்டியும் குறைத்தும் வைத்தார்கள். பூமி சூரியனை நெருங்கும் புள்ளி விண்மீன்களிடையே மிக மெதுவாகவே நகர்கிறது. ஆகையால் பருவங்கள் தமிழ் மாதங்களை விட்டு விலகினாலும், குறுகிய மாதம் என்ற பெயர் மார்கழிக்கு இன்னும் பல நூற்றாண்டுகள் நிலைக்கும்.

கணக்கை மனத்தில் ஏற்றி வைத்துக்கொள்ளத் தமிழ்நாட்டுக் கணிதர் கையாண்ட வழி வாக்கியம். எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறையில், சந்திரன் ஒவ்வொரு நாளும் இருக்கும் இடத்தைப் பொருள் தரும் சிறு சொற்றொடர்களாக அமைத்தார்கள். வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் 248. சந்திரன் பூமியை நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கும் சுற்று 27.55 நாள்; ஒன்பது சுற்று சேர்ந்தால் 248 நாள். அதோடு சந்திரனின் வேகக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். கி.பி. 1300 வாக்கில் எழுந்த ‘வாக்கியகரணம்’ இந்த முறையை ஒழுங்குபடுத்தித் தந்தது. அதை 1962இல் குப்புசாமி சாஸ்திரி ஆய்வு நிறுவனம் சென்னையில் பதிப்பித்தது. வாக்கியங்களை மனப்பாடம் செய்தவருக்கு ஏடு வேண்டாம், எழுத்தாணி வேண்டாம். தரையில் சோழிகளை வரிசையாக வைத்து, கூட்டியும் கழித்தும் கிரகண நேரத்தைச் சொல்லிவிடுவார்.

அதை நேரில் கண்டு வியந்தவர் பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜென்தில். சூரியனை வெள்ளி கடக்கும் 1761ஆம் ஆண்டு நிகழ்வைப் புதுச்சேரியில் பார்க்கக் கப்பலேறியவர் அவர். வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது; நடுக்கடலில், ஆடும் கப்பலில் இருந்து பார்த்தது எதற்கும் பயன்படவில்லை. அடுத்த நிகழ்வுக்காக எட்டு ஆண்டு காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலையில் புதுச்சேரி வானத்தை மேகம் மூடிக்கொண்டது. வெள்ளியைத் தவறவிட்டவர், புதுச்சேரியில் தங்கிய நாட்களில் தமிழ்க் கணிதர் ஒருவரிடம் பாடம் கேட்டார். 1765 ஆகஸ்ட் 30ஆம் தேதி நிகழ்ந்த சந்திர கிரகணத்துக்குத் தமிழ்க் கணிப்பு தந்த கால அளவு, உண்மையைவிட 41 நொடிதான் குறைவு. அன்று ஐரோப்பாவில் மிகச் சிறந்ததாக மதிக்கப்பட்ட தோபியாஸ் மாயரின் அட்டவணை 68 நொடி அதிகம் காட்டியது. லெ ஜென்தில் ஊர் திரும்பி இதை எழுதி வெளியிட்டார்.

எல்லாக் கிரகணமும் அப்படி வாய்க்கவில்லை. பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்தில் பிறந்து, புரட்சிக்குப் பின் பிரிட்டிஷ் படையில் சேர்ந்த ஜான் வாரன், சென்னை வானாய்வகத்தில் சில காலம் பொறுப்பு வகித்தவர். தென்னாட்டு மக்கள் காலத்தைக் கணிக்கும் முறைகளைத் தொகுத்து, ‘கால சங்கலிதம்’ என்ற பெரிய நூலை 1825இல் சென்னையில் வெளியிட்டார். அந்த ஆண்டு மே 31 இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைப் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் சோழி வைத்துக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரம் நான்கு நிமிடமே பிசகியது. நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகியது. அந்த மனிதருக்குக் கணக்கின் பின்னுள்ள கோட்பாடு தெரியாது, நினைவாற்றல் மட்டும் அபாரம் என்று வாரன் எழுதினார். ஒரு கலை ஐந்நூறு ஆண்டுக்கு மேலாக வாய்மொழியாகவே பிழைத்திருந்ததற்கும், அவ்வளவு காலம் வானத்தோடு ஒத்துப்பார்த்துத் திருத்தப்படாமல் போனதற்கும் அந்தக் குறிப்பு ஒருசேரச் சான்று.

திருத்தம் செய்வது மரபுக்குப் புதிதல்ல. பக்கத்துக் கேரளத்தில் பரமேசுவரர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்து, பழைய எண்கள் பொருந்தவில்லை என்று கண்டு, 1431இல் ‘திருக்கணிதம்’ என்ற புதிய முறையை வகுத்தார். கண்ணால் காண்பதற்கு ஒத்த கணிதம் என்பதே அதன் கொள்கை. வாக்கியத்தின் செல்வாக்கு மிகுந்த தமிழ்நாட்டில் அந்தக் கொள்கை வேரூன்ற மேலும் நானூறு ஆண்டு ஆனது.

அதற்கு வழி திறந்த இடம் நுங்கம்பாக்கம். 1792இல் அங்கே எழுந்த சென்னை வானாய்வகத்தின் கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறித்த எழுத்துகளோடு இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. தாமஸ் டெய்லர் அங்கிருந்து 11,000 விண்மீன்களின் இடத்தை அளந்து 1844இல் பட்டியலாக வெளியிட்டார். அங்கே உதவியாளராகச் சேர்ந்து, நார்மன் போக்சனுக்குக் கீழ் முதல் உதவியாளராக உயர்ந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ‘ஆர் ரெட்டிகுலி’ என்ற ஒளிமாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை வனபர்த்தியிலிருந்து பதிவு செய்தார். வெள்ளி சூரியனைக் கடந்த 1874 டிசம்பர் நிகழ்வுக்கு முன்னதாகப் பொதுமக்கள் புரிந்துகொள்ளும்படி விளக்க நூல் எழுதி, இந்திய மொழிகளில் வரச் செய்தார்.

பகலில் பஞ்சாங்கக் குடும்பத்து மரபறிவும் இரவில் தொலைநோக்கியும் அவருக்கு வாய்த்திருந்தன. தொலைநோக்கியில் தெரியும் கோள் ஒரு ராசியிலும் அச்சிட்ட பஞ்சாங்கத்தில் அதே கோள் வேறொரு ராசியிலும் இருப்பதை அவரால் ஏற்க முடியவில்லை. ஆங்கிலக் கடலோடிகளின் வான அட்டவணையை அடிப்படையாகக் கொண்டு திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். பெரியவர்கள் வாக்கியத்தை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. சிரார்த்தமும் விரதமும் தலைமுறைகளாக நடந்துவந்த நாளை எப்படி மாற்றுவது என்பது அவர்களின் கேள்வி. வாக்கியத் திதிக்கும் திருக்கணிதத் திதிக்கும் சில நாட்களில் பல நாழிகை வேறுபாடு வரும்; ஏகாதசியே ஒரு நாள் தள்ளிப்போகும். அது வீட்டுக்குள் நுழையும் வேறுபாடு. ரகுநாதாச்சாரி 1880இல் மறைந்தார்.

பழைய பஞ்சாங்கத்தின் இன்னொரு பெரும் பயனை உலகுக்குக் காட்டியவர் எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை. சோழர், பாண்டியர் கல்வெட்டுகள் அரசனின் ஆட்சியாண்டையும் மாதம், திதி, கிழமை, நட்சத்திரத்தையும் சொல்லுமே தவிர இன்றைய தேதியைச் சொல்லா. அவற்றை மாற்றிக் காணும் அட்டவணைகளை 1911இல் ‘இந்தியன் குரோனாலஜி’ என்ற நூலிலும், 1922இல் வெளிவந்த ‘ஆன் இந்தியன் எஃபிமரிஸ்’ தொகுதிகளிலும் தந்தார். கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் கணக்கு அதில் இருக்கிறது. கல்வெட்டுத் தேதியைச் சரிபார்க்க அக்காலத்துக் கணிதர் பயன்படுத்திய அதே எண்கள் வேண்டும். திருத்திய எண்ணைப் போட்டால் திதி மாறிவிடும். வாக்கியமும் சித்தாந்தமும் பிழையோடு அப்படியே காக்கப்பட்டதால்தான் வரலாற்றாசிரியர் கல்லில் உள்ள நாளைக் கண்டுபிடிக்க முடிகிறது.

விடுதலைக்குப் பின் நடுவண் அரசு 1952 நவம்பரில் மேகநாத சாகா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவை அமைத்தது. நாட்டில் முப்பது வகைப் பஞ்சாங்கங்கள் வழக்கில் இருந்ததைக் குழு கண்டது. அந்த ஆண்டிலேயே, கணித வரலாற்றாசிரியர் ஆட்டோ நாய்கபாவர், வாரன் எழுதி வைத்த புதுச்சேரிச் சோழிக் கணக்கை ஆராய்ந்து, தமிழ் வானியலின் 248 நாள் சுற்றுக்கும் பழைய பாபிலோனிய முறைக்கும் உறவு இருப்பதை எடுத்துக் காட்டினார். சாகா குழுவின் அறிக்கை 1955இல் வந்தது. அதன்படி 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டு 1879 சித்திரை 1 என்று தேசிய நாட்காட்டி தொடங்கியது. அதன் மாதங்கள் பருவத்தோடு கட்டப்பட்டவை.

பண்டிகைகளுக்கு அந்தக் குழு வேறொரு சமரசம் சொன்னது. நடந்த நகர்வு நடந்ததாக இருக்கட்டும். அயனாம்சத்தை 23 பாகை 15 கலையில் நிறுத்தி மாதங்களைக் கணித்தால், தையும் சித்திரையும் இனிமேலாவது நகராது என்பது அதன் பரிந்துரை. பஞ்சாங்க உலகம் அயனாம்ச மதிப்பை மட்டும் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. நிறுத்தும் யோசனையை விட்டுவிட்டது. ஆகவே பொங்கல் இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

இரண்டு கணிதமும் இன்று அக்கம்பக்கமாக வாழ்கின்றன. 2023 ஜனவரி 17இல் திருக்கணிதப்படி சனி கும்ப ராசிக்குப் பெயர்ந்தது. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் அதே சனிப்பெயர்ச்சி விழா அந்த ஆண்டு டிசம்பர் 20இல்தான் நடந்தது. கோளின் இடத்தில் பதினொரு மாத வேறுபாடு என்பது தொலைநோக்கி உள்ள எவரும் பார்த்துத் தீர்க்கக்கூடிய கேள்வி. ஆனாலும் திருநள்ளாற்றுக்குப் போகிறவர்களுக்குக் கோயில் அறிவித்த நாளே நாள். யாழ்ப்பாணத்தில் சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தை வாக்கியமும் திருக்கணிதமும் தனித்தனியே அறிவிக்க, செய்தித்தாள்கள் இரண்டையும் வெளியிடுகின்றன. மருத்துநீர் வைப்பவர் தம் குடும்பம் எதைப் பின்பற்றுகிறதோ அந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறார்.

விழா நாளை மாற்றும்படி யாரையும் கட்டாயப்படுத்தத் தேவையில்லை. ஆனால் தை முதல் நாளில் சூரியன் வடக்கே திரும்புகிறது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லிக்கொடுப்பது சரியல்ல. அது ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் உண்மையாக இருந்தது. இன்று சூரியன் திரும்புவது மார்கழி 6 வாக்கில். தினசரி நாட்காட்டியிலும் பஞ்சாங்கத்திலும் அந்தத் தாளில் ‘இன்று சூரியன் வடக்கு நோக்கித் திரும்புகிறது’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். மார்ச், செப்டம்பர் சமநாட்களுக்கும், ஒவ்வொரு ஊரிலும் நிழல் மறையும் இரண்டு நாட்களுக்கும் அதே போல ஒவ்வொரு வரி. ராகுகாலமும் குளிகையும் அச்சிடும் பக்கத்தில் அதற்கு இடம் இருக்கிறது. கணக்குப் போடத் தெரிந்தவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள்.